கை தூக்கிவிட்டு எடுத்த குடை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சிறையில் இல்லை. நாடு கடத்தப்படவும் இல்லை. மரக்காணம் பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை செல்வம் என்னென்னவோ சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. அவன் சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதியை நானே எழுதிவிட்டால் மானம் கொஞ்சம் மிஞ்சும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை மறந்தவர்களுக்காக: தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஆரோக்கியதாஸ். உங்களில் பல பேருடைய சாதிச் சான்றிதழும் பட்டாவும் என் மெஷினுக்குள் போய் வந்தவைதான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்தேன். ஆகவே நான் பிரான்சுக்கு வந்தது படித்தும் இல்லை, பாடுபட்டும் இல்லை, தாலி கட்டி. மனைவி பிலோமினா, மகள் சிந்தியா. வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பாரிசிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். ஒரே ஒரு கடைத்தெரு, அதில் பதினோரு கடை, அதில் ஒன்று என்னுடையது. மளிகை, மசாலா, மதியத்துக்கு டப்பாவில் சோறும் குழம்பும்.

என் கடையில் விற்காத பொருள் ஒன்றே ஒன்று உண்டு. மரக்காணத்துக் கல்லுப்பு. ஊருக்கு வரும்போதெல்லாம் பத்து கிலோ பெட்டியில் போட்டு எடுத்து வருவேன். மற்றவர்கள் பட்டுப்புடவை, முறுக்கு என்று கொண்டு வருவார்கள். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பையைத் திறந்து, கட்டியைக் கையில் எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக் காண்பித்தேன். விட்டுவிட்டார். அந்த உப்பு போட்டால்தான் மீன் குழம்பு குழம்பாக இருக்கும் என்பது என் கட்சி. “இந்த ஊர் உப்பு மட்டும் என்னா தித்திக்குதா?” என்பது பிலோமினாவின் கட்சி.

2

இங்கே வெளிநாட்டுக்காரன் தங்கியிருக்கப் பத்து வருஷக் கார்டு என்று ஒன்று உண்டு. அது கையில் வந்தால் பத்து வருஷம் நிம்மதியாகத் தூங்கலாம். வராவிட்டால் வருஷா வருஷம் மாவட்ட அலுவலகத்தில் வரிசை. ஊரில் எல்லாருக்கும் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தவன், எனக்கு நானே நான்கு பிரதி எடுத்துக்கொண்டு நிற்கிறேன். வேறு யாராவது என்றால் கர்மவினை என்பார்கள். நாங்கள் வேதக்காரர்கள் என்பதால் சோதனை என்கிறோம்.

இந்தத் தடவை விண்ணப்பத்தோடு, நான் இந்த ஊரோடு ஒட்டி வாழ்கிறேன் என்று தெருக் கடைக்காரர் சங்கத்தின் தலைவர் ஒரு கடிதம் கொடுத்தால் நல்லது என்றார்கள். தலைவர், எதிர்க்கடை மிசியே பெர்னார். ஹார்டுவேர் கடை. மீசை இல்லாத குறையைப் புருவத்தில் தீர்த்துக்கொண்டவர். சிந்தியாவை விட்டு நல்ல பிரெஞ்சில் ஒரு வேண்டுகோள் எழுதவைத்து, கடை வாசலிலேயே அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். “பார்க்கிறேன்” என்றார். இந்த ஊரில் “பார்க்கிறேன்” என்றால் பார்ப்பார்கள். அதுதான் பயம்.

உண்மையைச் சொன்னால், இந்தத் தெருவோடு நான் ஒட்டவே இல்லை. இரண்டு வருஷமாகக் காலையில் பத்து கடைக்கும் பத்து வணக்கம் வைப்பேன். பத்து வணக்கம் திரும்பி வரும். அதோடு சரி. ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்குள் காலடி வைப்பது, எதையாவது வாங்குவதற்கு மட்டும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, என் கடைக்கு இரண்டு வருஷம் பூர்த்தியானது. பிலோமினா விடியற்காலையிலேயே கேசரி கிளறி, சின்னச் சின்ன காகிதக் கோப்பைகளில் போட்டு வைத்திருந்தாள்.

“எல்லாக் கடைக்கும் குடுத்துட்டு வாங்க.”

“கடுதாசி கேட்டுட்டு கேசரி குடுத்தா லஞ்சம்னு நினைச்சிக்கப் போறாரு.”

“கேசரியில எவன்யா லஞ்சம் குடுக்கறான்?”

அவள் சொன்னது நியாயம். ஆனாலும் நான் கொடுக்கவில்லை. பத்துக் கோப்பையில் ஏழு கோப்பையை நானே சாப்பிட்டேன். அந்தப் பாவம்தான் அன்று மதியமே பலித்தது.

3

மூன்று மணி இருக்கும். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கடையில் மதாம் சிமோன் இருந்தார். எண்பது வயதுக்கு மேல். வாராவாரம் மைசூர்ப் பருப்பு வாங்குகிறவர். பருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே பார்த்துவிட்டு, “உங்களிடம் குடை இருக்குமா?” என்று கேட்டார்.

என் கடையில் குடை ஏது? “இல்லை” என்று சொல்லியிருக்க வேண்டும். பிரெஞ்சில் எனக்கு நன்றாக வரும் வார்த்தை அது ஒன்றுதான். ஆனால் வாய் “ஒரு நிமிஷம் இருங்க” என்றது. கால் ஓடியது.

தெருவைக் கடந்தேன். பெர்னார் கடையில் வாசலோரம் ஒரு வாளியில் குடைகள். அவர் உள்ளே கோடியில் திரும்பி நின்று யாருக்கோ ஆணி அளந்துகொண்டிருந்தார். நான் ஒரு குடையை உருவினேன். வலது கையை உயரத் தூக்கி ஆட்டினேன். ஓடி வந்து மதாம் சிமோன் கையில் கொடுத்தேன். அவர் விரித்துக்கொண்டு போய்விட்டார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பரம திருப்தி.

இதைப் படிக்கும் பஜார்க்காரர்களுக்கு இதில் என்ன தப்பு என்றே புரியாது. எனக்கும் அப்போது புரியவில்லை.

4

புரியாத வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் பஜாரின் சட்டத்தைச் சொல்கிறேன். எந்தச் சங்கமும் போட்டதில்லை, எங்கும் எழுதியும் வைக்கவில்லை. வந்த ஆளைப் பாண்டிச்சேரி பஸ் ஏற விடக்கூடாது. அவ்வளவுதான். ஒரு கடையில் “இல்லை” என்று கேட்டவன் அடுத்த கடைக்குப் போகமாட்டான். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். பாண்டிச்சேரியில் அவன் அந்தப் பொருளை மட்டும் வாங்க மாட்டான், மாசத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வருவான். மழைக்காலத்தில் உப்பளம் நின்றால் பஜாரும் பாதி நின்றுவிடும். அப்போது ஒரு ஆள் பஸ் ஏறினாலும் பத்து கடைக்கு வலிக்கும்.

அதனால் யாரும் “இல்லை” சொல்லமாட்டோம். “உக்காருங்க” என்போம். பக்கத்துக் கடைக்குள் போய்ப் பொருளை எடுப்போம். கடைக்காரர் வேலையாக இருந்தால் கை தூக்கிக் காட்டினால் போதும். கடை சாத்துவதற்குள் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அல்லது அதே மாதிரி பொருளைத் திருப்பி வைத்துவிட வேண்டும்.

ஒரு ஐப்பசியில் உப்பளக்காரர் ஒருவர் குத்தகைப் பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவருடைய உப்பெல்லாம் வெட்டவெளியில் குவியல் குவியலாகக் கிடந்தது. “நாப்பது தார்ப்பாய் இப்பவே வேணும், எங்க கெடைக்கும்?” என்று என்னைக் கேட்டார். ஜெராக்ஸ் கடையில்! நான் “உக்காருங்க” என்றேன்.

செல்வம் எலக்ட்ரிக்கல் கடையில் ஆறு. காதர் பாய் அரிசிக்கடையில் மூட்டை மேல் போர்த்தியிருந்த எட்டை உருவினேன். பாய் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, “என்னா தாசு, உன் மெஷின்ல இப்ப தார்ப்பாயும் வருதா?” என்றார். உரக்கடை, சிமெண்டுக் கடை என்று ஓடினேன். நாற்பதாவதுக்கு டீக்கடை மேரியக்கா தன் கடை வாசலில் கட்டியிருந்ததையே அவிழ்த்துக் கொடுத்தார். “நான் நனையறேன், உப்பு நனையக் கூடாது, போ.” அரை மணி நேரம். உப்பு தப்பித்தது. அந்த மனுஷர் அதற்குப் பிறகு எதற்கும் பாண்டிச்சேரி போனதில்லை.

ஆக, அந்தச் சனிக்கிழமை ஓடியது நான் இல்லை. பஜார்.

ஆனால் சட்டத்தின் கடைசி வரி ஒன்று இருக்கிறதே, கடை சாத்துவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று? அதை மறந்துவிட்டேன். நினைவு வந்து வெளியே பார்த்தால் பெர்னார் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. ஞாயிறும் திங்களும் அவருக்கு விடுமுறை. செவ்வாய் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

5

செவ்வாய் காலை என் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சிந்தியா பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டே படித்துச் சொன்னாள்.

“புதன் மதியம் ஒரு மணிக்கு ரொட்டிக்கடையில கடைக்காரங்க மீட்டிங். ஒண்ணு, கிறிஸ்மஸ் விளக்கு. ரெண்டு, பூந்தொட்டி. மூணு, சனிக்கிழமை நடந்த திருட்டு. கேமரா படம் காட்டுவாங்க. நகராட்சி போலீஸ் வருவார். கையெழுத்து, பெர்னார்.”

எதிரே நிமிர்ந்து பார்த்தேன். பெர்னார் கடை வாசலில், குடை வாளிக்கு நேர் மேலே, கோலிகுண்டு மாதிரி ஒரு கேமரா. இரண்டு வருஷமாக அதை நான் விளக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“பப்பா, ஏன் வேர்க்குது உனக்கு?”

சொன்னேன். அவள் புத்தகப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“கேக்காம எடுத்தியா?”

“கை தூக்கினேனே.”

“யாருக்கு?”

நான் எதிரே கேமராவைப் பார்த்தேன். அவள் பிரெஞ்சில் ஏதோ முனகிக்கொண்டே போய்விட்டாள். இப்போதெல்லாம் அவள் என்னைத் திட்டுவது பிரெஞ்சில்தான். எனக்கு வலிக்கக்கூடாது என்று நினைக்கிறாளா, புரியக்கூடாது என்று நினைக்கிறாளா, தெரியவில்லை.

கார்டுக்கு யார் கடிதம் கொடுக்க வேண்டுமோ, அவர் கடையிலேயே கை வைத்திருக்கிறேன். உலகத்தில் எத்தனை கடை இருக்கிறது! அன்று முழுக்க நான் போட்ட திட்டங்களைக் கேளுங்கள். ஒன்று, வேறு ஊரில் அதே குடை வாங்கி வந்து வாளியில் செருகுவது. கேமரா அதையும் எடுக்கும். இன்னொன்று, முகத்தை மாற்றுவது. மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றேன். “இப்ப திருடன் மாதிரியே இருக்கீங்க” என்றாள் பிலோமினா. கடைசியில் அந்தோணியாரிடம் போனேன். தொலைந்த பொருள் கிடைக்க எல்லாரும் அவரை வேண்டுவார்கள். ஒரு பொருள் தொலைந்ததே யாருக்கும் தெரியக்கூடாது என்று அவரிடம் வேண்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

செல்வத்துக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரி, கடையில் மின்விசிறி சத்தம் கேட்டது.

“மச்சான், என்னைத் திருடன்னு சொல்லப் போறாங்கடா.”

முழுக்கக் கேட்டான். நடுவில் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“கை தூக்கினியா?”

“தூக்கினேன்டா.”

“அவன் பாத்தானா?”

“கேமரா பாத்துச்சு.”

அப்போதுதான் சிரித்தான். சிரித்து முடிக்கிறவரை நான் காத்திருந்தேன். வெளிநாட்டுப் போன் என்பதால் இன்னும் நீளமாகச் சிரித்தான் என்று நினைக்கிறேன்.

“டேய், நீ எடுத்தது தப்பில்ல. கடை சாத்தறதுக்குள்ள சொல்லல பாரு, அதான் தப்பு. நம்ம ஊர்லயும் அது தப்புதான். அவன் படம் போடறதுக்கு முன்ன நீயே எழுந்து சொல்லிடு. மீசையை ஏன்டா எடுத்த, லூசு?”

மீசை விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது? பிலோமினா எனக்கு முன்னாலேயே போன் போட்டிருக்கிறாள்.

6

புதன்கிழமை இங்கே பள்ளி அரை நாள். மொழிபெயர்க்க சிந்தியாவை அழைத்துக்கொண்டு போனேன். ரொட்டிக்கடை ஒதில் அம்மா மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார். பத்து கடைக்காரர்கள், ஒரு போலீஸ்காரர், சுவரில் ஒரு திரை. பெர்னார் கிறிஸ்மஸ் விளக்கு நீலமா மஞ்சளா என்று ஆரம்பித்தார்.

மூன்றாவது விஷயம் வரைக்கும் காத்திருந்து, அப்போது எழுந்து, கம்பீரமாகப் பேச வேண்டும் என்பது திட்டம். நீலம் வேண்டும் என்று பூக்கடைக்காரர் கை தூக்கினார். தூக்கிய கையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன்.

“நான்தான்! குடை! நான்தான் எடுத்தேன்!”

அறையே திரும்பியது. பயத்தில் எனக்கு மரியாதை மறந்துவிடும். போலீஸ்காரரைப் பார்த்து, “நீ வந்தது எனக்காகத்தான்” என்று ஒருமையில் வேறு சொல்லிவிட்டேன். சிந்தியா என் சட்டையை இழுத்து உட்காரவைத்தாள். அவளே எழுந்தாள்.

அவள் என்ன பேசினாள் என்று முழுக்க எனக்குத் தெரியாது. ஆனால் நடுவில் மரக்காணம் என்றாள். பாண்டிச்சேரி பஸ் என்றாள். நாற்பது தார்ப்பாய் என்று கையை விரித்துக் காட்டினாள். காதர் பாய் மூக்குக்கண்ணாடியைத் தூக்குவதுபோல் தூக்கினாள். இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருப்பாளே, எப்போது கேட்டாள்?

பெர்னார் திரையில் படத்தைப் போட்டார். நான்தான். மழையில் ஓடி வந்து, குடையை உருவி, கேமராவுக்கு நேராகக் கையை உயர்த்தி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறேன். என் கல்யாணப் படத்தில்கூட அவ்வளவு நன்றாக விழவில்லை.

“முப்பது வருஷத்தில், கேமராவுக்கு வணக்கம் சொன்ன திருடனை இப்போதுதான் பார்க்கிறேன்,” என்றார் பெர்னார். “மிசியே தாஸ் போலத்தான் தெரிந்தது. ஆனால் இரண்டு வருஷமாக என் கடைக்குள் வராத மனிதர் எதற்காக ஓடி வருவார் என்று நம்ப முடியவில்லை.”

அந்த வாக்கியத்தை மட்டும் யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்துகொண்டேன். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே நோட்டை மூடினார். நான் அங்கேயே குடைக்கு உரிய காசைக் கொடுத்துவிட்டு, அறையின் நடுவில் நின்று எல்லாரிடமும் மன்னிப்பும் கேட்டேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒதில் அம்மா விடவில்லை. “நெடுஞ்சாலையில் இருக்கிற பெரிய கடைதான் நமக்குப் பாண்டிச்சேரி, இல்லையா?” என்றார். எல்லாருக்கும் தெரியும், அந்தக் கடை வந்த பிறகு தெருவில் நான்கு கடை மூடியிருக்கிறது. “போன வாரம் ஒருவர் மெழுகுவர்த்தி கேட்டார். இல்லை என்றேன். பெர்னாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை?”

பூக்கடைக்காரர், “கேட்காமல் எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை” என்றார். கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். இங்கே சண்டை போடாமல் எதையும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அந்த விஷயத்தில் நம்ம பஜார்தான். கடைசியில் ஒரு திருத்தம் போட்டார்கள்: கை தூக்கினால் மட்டும் போதாது, கடைக்காரர் பதிலுக்குக் கை தூக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து வரும்போது சிந்தியாவிடம், “நல்லாப் பேசினம்மா” என்றேன்.

“மேரியக்கா பேரை மறந்துட்டேன். டீக்கடை அக்கான்னு சொல்லிட்டேன்,” என்றாள் கவலையாக.

7

முதலில் வந்தது ஒதில் அம்மா. ஒரு வியாழன் காலை, மாவு படிந்த கையைக் கடை வாசலிலேயே தூக்கினார். நானும் தூக்கினேன். பன்னிரண்டு முட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். சாயங்காலம் பன்னிரண்டு முட்டை திரும்பி வந்தது, கூடவே ஒரு ரொட்டி. மறுநாள் நான் மெழுகுவர்த்திக்குப் போனேன். பூக்கடைக்காரர் ஒரு மாதம் யார் கடைக்கும் போகவில்லை. பிறகு ஒரு நாள் யாரோ பூவோடு ஏலக்காய் கேட்டார்களாம். வந்து நின்று, மிகுந்த சங்கடத்தோடு, தோள் உயரத்துக்கு மட்டும் கையைத் தூக்கினார்.

பெர்னார் கடிதம் கொடுத்தார். சிந்தியா உரக்கப் படித்தாள்: “இவர் இந்தத் தெருவின் கடைகளைத் தன் கடைபோலவே கருதுகிறார்.” எனக்குத் திரும்பவும் வேர்த்தது. இதை அலுவலகத்தில் தப்பாக எடுத்துக்கொண்டால்? “வேற மாதிரி எழுதித் தரச் சொல்லேன்” என்றேன். “நீயே போய்க் கேளு” என்றாள். போகவில்லை. மாவட்ட அலுவலகத்தில் அந்த அம்மாள் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முத்திரையைக் குத்தினார். நான்கு பிரதி கொண்டுபோயிருந்தேன், ஒன்றுதான் கேட்டார். கார்டு கிறிஸ்மசுக்கு முன்பே வந்துவிட்டது.

8

ஜனவரி. தெரு முழுக்கப் பனி உறைந்து கண்ணாடி மாதிரி கிடந்தது. நான் கடைக்குள் குனிந்து பருப்பு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், கண்ணாடிக்கு வெளியே பெர்னார் போகிறார். தோளில் ஒரு துணிப்பை. நீலக் கோடு போட்ட, பிலோமினா தைத்த பை. கல்லாவுக்குப் பின்னால், யாருக்கும் கிடையாது என்று நான் வைத்திருந்த பை.

“ஏய்! உப்பு! யோவ், நில்லுய்யா! திருடன், திருடன்!”

தெரு முழுக்கக் கேட்கும்படி, சுத்தத் தமிழில் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த சிந்தியா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஏம்பா கத்தற? கை தூக்கினாரு. நானும் தூக்கினேன்.”

வெளியே வந்து பார்த்தேன். பெர்னார் கடைப் படிகளில் பனி. மேல்படியில் மதாம் சிமோன், இறங்க முடியாமல், மூடிய குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அதே குடை. பனியை உருக்கப் படியில் போடும் உப்பு பெர்னார் கடையில் தீர்ந்துபோயிருக்கிறது. அவர் இல்லை என்று சொல்லவில்லை. என் பைக்குள் கையை விட்டு, நம்ம ஊர் அனுமந்தைப் பக்கத்து வெயிலில் விளைந்த உப்பை, மீன் குழம்புக்கென்று கடல் தாண்டி வந்த உப்பை, கைநிறைய அள்ளி அள்ளிப் படியில் வீசிக்கொண்டிருந்தார். மதாம் சிமோன் அதன் மேல் ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினார். நறநறவென்று சத்தம் வந்தது. கீழே வந்ததும் என்னைப் பார்த்துக் குடையைத் தூக்கிக் காட்டினார். நான் வேறு என்ன செய்ய? நானும் கையைத் தூக்கினேன்.

பெர்னார் சட்டம் தெரிந்த மனிதர். அன்று கடை சாத்துவதற்குள் பொருளைத் திருப்பி வைத்துவிட்டார். சரக்கு வண்டி வந்ததாம். பத்து கிலோ உப்பு, அதே எடை, புது மூட்டை. சாம்பல் நிறம். மூட்டையின் மேல் பெரிய எழுத்தில் “உண்ணத் தக்கதல்ல” என்று போட்டிருந்தது.

பிலோமினா அதைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அதை வாங்கி, கல்லாவுக்குப் பின்னால், பழைய பை இருந்த இடத்திலேயே வைத்தேன். உப்புக்கு உப்பு. நம்ம சட்டப்படி சரியாகத்தான் இருக்கிறது.